காலாண்டு லீவும் ஒரு கையெழுத்தும்

"மேற்படி விடுமுறை நாட்களில் என் பிள்ளைக்கு ஏதும் நேர்ந்தால் தோட்ட நிர்வாகம் பொறுப்பாகாது." இந்த வரியை எழுதியது, தோட்டத்துக் கணக்கனான நான்தான். மலைக்குக் கீழே தமிழ்நாட்டில் உள்ள கம்பம் ஊரில் ஜெராக்ஸ் எடுத்து, வேலைக்கு முன் பெயர் பதியும் மஸ்டர் நேரத்தில் ஒவ்வொரு தாயிடமும் நீட்டியதும் நான்தான். பெரும்பாலும் யாரும் படிக்கவில்லை. ஜீப்பில் குளிரில் வந்த கை விறைப்போடு, பேனாவை வாங்கி மளமளவென்று போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி மட்டும் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசித்தாள்.

"சரிண்ணே, நான் போடுறேன். பிள்ளைய ரூமுக்குள்ள விடச் சொல்றது நீங்க. அங்க ஒண்ணுன்னா நாங்க பாத்துக்குறோம்னு நீங்களும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்திருக்க முடியுமா என்பதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

லீவு நாளில் பிள்ளைகளை விட்டுவைக்கும் அந்த ரூம் சும்மா வந்ததில்லை. கேரள மலையில் உள்ள எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தில் பாதிப் பேர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள், பாதிப் பேர் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி வருபவர்கள். லயத்துப் பிள்ளைகள் கேரளப் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஓணத்துக்கு லீவு, ஏப்ரலும் மேயும் முழு லீவு. கீழே இருந்து வருபவர்களின் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு. ஏப்ரலில் லயத்துப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது கம்பத்துப் பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆக, வருஷத்தில் பல வாரங்கள் யாராவது ஒரு தாய் பிள்ளையை என்ன செய்வது என்று தெரியாமல்தான் வேலைக்கு வருகிறாள். காலாண்டு லீவோ சரியாகக் காய் எடுப்பு மும்முரத்தில் விழுகிறது. அப்போது ஆள் குறைந்தால் காய் செடியின் தூரிலேயே பழுத்து வெடிக்கும். நிர்வாகம் ரூமுக்குச் சம்மதித்ததில் பிள்ளைகள் மேல் இருந்த அக்கறை எவ்வளவு, காய் மேல் இருந்த அக்கறை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. எப்படியோ ரூம் கிடைத்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ் ஏற்கெனவே உண்டு. அப்போது நடப்பில் இருந்த 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ தோட்டம் கிரஷ் வைத்தாக வேண்டும். ஆனால் பிள்ளை என்றால் ஆறு வயதுக்கு உட்பட்டது. ஆறிலிருந்து பதினான்கு வரை, பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் நினைத்துவிட்டது போலும். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் வாரத்தைப் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. அதனால் கிரஷை ஒட்டி, பழைய சாக்கு அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்தோம். பாய், ஒரு கேரம் போர்டு, ஆயாவுக்கு இரண்டு மணி நேரக் கூலி கூடுதல். சுவருக்கு அந்தப் பக்கம் காய் உலர்த்தும் ஸ்டோர் என்பதால் அறை எப்போதும் கதகதப்பாக இருக்கும். மழை நாளில் பிள்ளைகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தச் சுவர்தான் தாளை வாசித்தவளுக்குப் பிரச்சினை. மகளுக்குப் பதினோரு வயது. "ஸ்டோர்ல ஆம்பளைங்க ராத்திரி பகலா போகவர இருக்காங்க. ஆயாம்மா கைக்குழந்தைகளப் பாப்பாங்களா, இவளப் பாப்பாங்களா? எங்கூட வரட்டும்ணே. தூர்ப் பக்கத்துல உக்காந்திருப்பா. காய்ல கை வைக்க மாட்டா, நான் சொல்றேன்."

முடியாது என்றேன். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஏலக்காட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அழுகலுக்கு போர்டோ கலவை மருந்து, பூச்சிக்கு வேறு மருந்து என்று மழை விட்ட நேரமெல்லாம் அடித்துக்கொண்டே இருப்போம். தட்டைகளுக்கு அடியில் அது நாள்கணக்கில் நிற்கும். அட்டை, பாம்பு தனி. அப்புறம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அம்மா குனிந்து சரத்தை விலக்கி ஒவ்வொரு காயாக ஆய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, கொஞ்ச நேரத்தில் தானும் கை கொடுக்கும். அது அம்மா மேல் உள்ள பாசம். எடைக்குக் கூலி பேசிய நாளில் அந்தப் பாசம் கூடையில் சேர்ந்துவிடும், அம்மாவும் தடுக்க மாட்டாள். மஸ்டரில் பெயர் இல்லாத ஒரு சின்ன வேலைக்காரி உருவாகிவிடுவாள்.

அவள் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "பக்கத்துச் சின்னத் தோட்டத்துல அவங்கவங்க பிள்ளைகள் லீவுல காய் எடுக்குதே, அது மட்டும் ஆகுமா?"

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016 இல் வந்த திருத்தம், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையாக இருந்தால், குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. சொந்தமாகக் காடு வைத்திருப்பவரின் பிள்ளைக்கு அதைச் சொல்லிச் சமாளிக்கலாம். கூலிக்கு வருபவளின் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? "அது வேறம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததாகத் தோன்றவில்லை. கேட்ட சீட்டு கிடைக்காது என்று தெரிந்துகொண்டவளின் பார்வை அது. மகளைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். அவளுக்கு அன்றைய கூலி போயிற்று, லீவு முழுக்கப் போயிற்று.

நான் சாதாரணக் கணக்கன். என் கையெழுத்து நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. "நாங்கள் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது அவளை ஏமாற்றும் தாளாகத்தான் இருந்திருக்கும். இதை எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அடுத்து ஒரு கேள்வி வருகிறது. அவள் கையெழுத்து மட்டும் எதைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்து வாங்கினேன்? அந்தத் தாள் எங்கேயும் நிற்காது என்று தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் பிறகு சொன்னார். நிற்காத தாளை ஒரு தாயிடம் வாங்கலாம், கொடுக்கக் கூடாதா? மேனேஜரைக் கேட்டபோது, அந்தத் தாள் இல்லாமல் ரூமே திறந்திருக்காது என்றார். அதுவும் உண்மைதான். அந்த லீவு முழுக்க மற்றப் பிள்ளைகள் காட்டுக்குள் கால் வைக்காமல் பாயில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சீட்டு எழுத முடியாவிட்டாலும் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். ஸ்டோர்ப் பக்கக் கதவைப் பூட்டச் சொல்கிறேன், பெரிய பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் ஆயா கேட்கிறேன் என்றாவது. ஆனால் அவள் கேட்டது பூட்டு இல்லை. பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில் ஒப்புக்கொள்ளும் ஓர் ஆளை அவள் கேட்டாள். அப்படி யாரை நான் காட்டியிருக்க முடியும்?

பதினைந்து நாள் கழித்து ஜீப் டிரைவர்தான் சொன்னார். அவள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தோட்டமாம். ஐந்து ஹெக்டேருக்குக் கீழே, பத்துப் பேர்கூட இல்லாத இடம். அந்தத் தோட்டச் சட்டம் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் அப்போது பொருந்தியது. அங்கே கிரஷ் கிடையாது, தாளும் கிடையாது. லீவு நாளில் பிள்ளையைக் கூட்டி வந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லையாம். எங்கள் காட்டில் அடிக்கும் அதே மருந்துதான் அங்கேயும்.

நான் தடுத்தது எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் நின்றது. அதற்காக அன்று விட்டிருக்கலாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. விட்டிருந்தால் மறுநாள் பத்துப் பிள்ளைகள் தூரடியில் இருந்திருப்பார்கள்.

டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவும் கேரளத்தின் கிறிஸ்துமஸ் லீவும் சேர்ந்தே வரும். லயத்துப் பிள்ளைகளும் கம்பத்துப் பிள்ளைகளும் ஒரே அறைக்குத்தான் வர வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு, யார் பார்த்துக்கொள்கிறார், அவசரத்துக்கு எந்த ஜீப், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதி நிர்வாகம் கையெழுத்துப் போட்ட தாளைத் தாய்மாருக்குக் கொடுக்கலாம் என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். ஆபீஸில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை. பழைய தாளின் மீதிப் பிரதிகள் என் மேஜையில் இருக்கின்றன. பதில் வராமல் அவற்றை நீட்டுவதில்லை என்று இருக்கிறேன். ரூமே திறக்காது என்று அவர் மறுபடி சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.