ஒலிம்போஸில் ஓர் இரவு

கிரேக்கத்தின் கார்பதோஸ் தீவில், வடக்கு மலைமுகட்டைத் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர் ஒலிம்போஸ். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கரையை விட்டு மேலேறியவர்கள் கட்டிய ஊர். ஆகஸ்ட் 15, மாதா திருநாள். அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றே பயணத் தேதியை வைத்திருந்தேன்.

பூசை முடிந்து, ஊரே சாப்பிட்டு முடித்த பிறகு வாத்தியக்காரர்கள் மேசையருகே உட்கார்ந்தார்கள். மூன்றே வாத்தியங்கள். லௌத்தோ, மீட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம், தாளத்தைப் பிடிக்கிறது. சம்பூனா, ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஊதுவது. அதில் வருவது ஆறே சுரங்கள்தான். அப்புறம் லைரா, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம். மூன்று தந்தி, முழங்காலில் நிறுத்தி வாசிக்கிறார்கள். விரல் நுனியால் அழுத்துவதில்லை, நகத்தைத் தந்தியின் பக்கவாட்டில் வைத்துத் தள்ளுகிறார்கள். வில்லில் குட்டி மணிகள் கட்டியிருக்கிறார்கள். வில் திரும்பும்போதெல்லாம் சலங்கைபோல் குலுங்குகிறது.

பாடுவது மந்தினாதா. 15 அசை கொண்ட இரண்டே அடி, கடைசியில் இயைபு. அந்த இடத்திலேயே கட்டிப் பாட வேண்டும். ஒருவர் பாட, எதிரே இருப்பவர் அதே மெட்டில் எசப்பாட்டு பாடுகிறார். பிழைப்புக்காக அமெரிக்கா போனவர்கள், இறந்தவர்கள், புதிதாகப் பிறந்த பேரன் எல்லாரும் பாட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர் எனக்கு மெதுவாக அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார்.

நள்ளிரவு இருக்கும். ஒரு பெரியவர் தன் தம்பியைப் பற்றிப் பாடத் தொடங்கி, இரண்டாம் அடியில் நின்றுவிட்டார். சொல் வரவில்லை; கண்தான் நிறைந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. லைராக்காரர் அவர் முகத்தையே பார்த்தபடி ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருந்தார். பெரியவர் மூச்சைப் பிடித்து அடியை முடித்ததும், மேசையே சேர்ந்து அதைத் திருப்பிப் பாடியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

1930களில், இந்தத் தீவுகள் இத்தாலியர் கையில் இருந்தபோதே, சுவிஸ் இசை ஆய்வாளர் சாமுவேல் போ-போவி இந்தப் பக்கத்துப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்தார். மெட்டை எழுதிக்கொள்ளலாம், சரி. அந்தக் காத்திருப்பை எந்தக் குறியில் எழுதுவது?

பிறகு ஆட்டம். கைகோத்து, முதலில் மிக மெதுவாக. மார்பில் பொற்காசு மாலைகளோடு பெண்கள் வரிசையில் சேர்ந்தார்கள். விடியும்வரை நிற்கவில்லை.

திரும்பும்போது கப்பலில், போனில் பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். பெரியவர் சொல் தேடிய இடத்தில் லைராவும் மணிகளும் மட்டும் ஏழு சுற்று வருகின்றன.