ஊசி போட்டு எடுக்க முடியாத தண்ணி

அடைமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எங்கள் ஐசியூ வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "லங்ஸ்ல தண்ணி கோத்துக்கிச்சுன்னு சொல்றீங்க டாக்டர், ஊசி போட்டு எடுத்துட முடியாதா?" நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் சேர்ந்தால் எடுக்கலாம். ஏஆர்டிஎஸ்ஸில் (அழற்சியால் நுரையீரல் திடீரென்று செயலிழக்கும் நிலை) தண்ணீர் நிற்பது காற்றறைகளுக்குள்ளே. அங்கே ஊசிக்கு வேலையில்லை.

நிமோனியாவோ ஸ்க்ரப் டைபஸோ (உண்ணிக் காய்ச்சல்), கசிவு நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். கிருமியைக் கண்ட செல்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-8 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்களை, அதாவது சைட்டோகைன்களை, சுரக்கும். இன்டர்லூகின்-8 நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களைக் கூட்டமாக வரவழைக்கும். ரத்தத் தந்துகியின் உட்சுவர் செல்களைக் கைகோத்த மாதிரி பிடித்து வைத்திருப்பது விஇ-கேட்ஹெரின் என்ற புரதம். த்ராம்பின், விஇஜிஎஃப் என்ற புரதங்கள் வந்து தட்டினால் அந்தப் பிடி விட்டுப்போகும். செல்லுக்குள் ஆக்டின் இழைகள் சுருங்க, நடுவே சந்து விழும். தண்ணீரோடு ஆல்புமினும் அதன் வழியே இறங்கிவிடும். இதயம் தளர்ந்து கோக்கும் நீரில் புரதம் குறைவு. இங்கே அது பிளாஸ்மாவில் உள்ளதில் 0.65 பங்கைத் தாண்டும். அந்தப் புரதம், காற்றறைகள் ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்டைக் கெடுக்கும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்கின்றன.

சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மருந்து இந்த இடைவெளியை அடைக்காது, அதன் வழியே தள்ளும் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஷாக் (ரத்த அழுத்தம் விழுந்த நிலை) தெளிந்த பிறகே அதைத் தொடுகிறோம். அதற்கு முன்னால் நோயின் மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு, அதாவது ஸ்க்ரப் டைபஸின் அடையாளம், இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின்.

வென்டிலேட்டரில் அதிகம் நடக்கும் தப்பு, உடல் எடையைப் பார்த்து மூச்சளவு வைப்பது. உயரம்தான் கணக்கு. படுக்கையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். 160 செ.மீ. ஆணுக்கு 50 + 0.91 × (160 – 152.4), அதாவது அந்த உயரத்துக்கான எடை சுமார் 57 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் 340 மி.லி. அவர் 85 கிலோ இருக்கிறார் என்று 510 வைத்தால், நல்ல நிலையில் மிச்சமிருக்கும் காற்றறைகள் உப்பி இழுபடும். அந்த இழுவையே இன்னும் சைட்டோகைன்களைக் கிளப்பி, கசிவைக் கூட்டும். பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே தள்ளி நிறுத்தியதும் அளக்கும் அழுத்தம்) 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கட்டும்.

60 சதவீத ஆக்சிஜனும் போதுமான பீப்பும் (மூச்சை விட்ட பிறகும் காற்றறைகள் மூடாமல் தாங்கும் அழுத்தம்) கொடுத்தும் பிஎஃப் விகிதம் (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தைக் கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தது) 150-க்குக் கீழே என்றால் குப்புறப் போடுகிறோம், ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம். ஐந்து பேர் வேண்டும். தலைமாட்டில் டியூபைப் பிடித்திருப்பவர் எண்ணினால்தான் மற்றவர்கள் புரட்டலாம். ஈசிஜி லீடுகள் முதுகுக்கு மாற வேண்டும், கண்களை மூடி டேப் போட வேண்டும். புரட்டியதும் சளி நிறைய வடியும். அவசரத்தில் டியூபை வென்டிலேட்டரிலிருந்து கழற்றி சக்ஷன் போடாதீர்கள், பீப் போய்விடும், விரிந்த காற்றறைகள் மறுபடி மூடிக்கொள்ளும். கழற்றாமலே சளியை உறிஞ்சும் மூடிய சக்ஷன் கதீட்டரை முன்னாடியே மாட்டி வையுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் டியூபுக்கு க்ளாம்ப்.