டியூனருக்கு முன் மீட்டர்: கிளாசிக் 500-இல் செய்து பார்த்தது

என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. சிலிண்டர் விட்டம் (போர்) 84 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., 499 சி.சி., கெய்ஹின் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இன்டேக், எக்ஸாஸ்ட் போர்ட்டுகளைத் தேய்த்துச் சீர்செய்து, காற்று எளிதாகப் போகும் ஃபில்டரும் தடை குறைந்த சைலன்சரும் மாட்டிய பிறகு, மேல் வேகத்தில் எஞ்சின் உற்சாகமாகச் சுழன்றாலும், மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு கணம் திணறியது. தடிக்காரன்கோணம் தாண்டிக் கீரிப்பாறை ஏற்றத்தில் இருவர் அமர்ந்து போனால் டக் டக் என்று நாக்கிங் சத்தமும் (கலவை தானாகவே வெடிக்கும் சத்தம்) கேட்டது. கான்டினென்டல் ஜிடி 535-இன் 87 மி.மீ. சிலிண்டரையும் போட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சி.சி.க்கு மாறாக எஞ்சினை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பதால் அந்த ஆசையை அப்போதே விட்டுவிட்டேன்.

காற்று கூடியதற்கு ஏற்பப் பெட்ரோலையும் கூட்ட, எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியு தரும் அளவை மாற்றும் டியூனர் என்ற கருவி தேவைப்பட்டது. அதை வாங்குவதில் முதல் தவறை மலிவைப் பார்த்துச் செய்தேன். காற்றின் வெப்பநிலையைக் காட்டும் சென்சார் வயரில் சேர்க்கும் சிறு துண்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். காற்று உண்மையில் இருப்பதைவிட 20 டிகிரி குளிர்ந்திருப்பதாக ஈசியுவை அது நம்ப வைக்கும். 30 டிகிரி என்பது 303 கெல்வின், 10 டிகிரி என்பது 283 கெல்வின். இரண்டையும் வகுத்தால் 1.07 வருகிறது. அதாவது, காற்று 7 சதவீதம் அடர்ந்திருப்பதாக எண்ணி ஈசியு அந்த அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டும். கணக்கு சரிதான். ஆனால் சீரான வேகத்தில் போகும்போது எக்ஸாஸ்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அந்த 7 சதவீதத்தைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடுகிறது. முழு ஆக்சிலேட்டரில் அது மிஞ்சினாலும், எனக்கு எங்கே எவ்வளவு தேவை என்பதே தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் கூட்டுவது, எல்லாக் குழம்புக்கும் ஒரே கைப்பிடி உப்பு போடுவதைப் போன்றது.

ஆகவே டியூனருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, எக்ஸாஸ்ட் புகையைக் கொண்டு கலவையை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் மீட்டர் வாங்கினேன். வண்டியிலுள்ள சென்சார் கலவையில் பெட்ரோல் கூடுதலா குறைவா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சாருக்கு 18 மி.மீ. மரை கொண்ட வளையம் ஒன்றை எக்ஸாஸ்ட் பெண்டில் (எஞ்சினிலிருந்து வெளிவரும் வளைந்த குழாயில்) வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. மீட்டரை காற்று-பெட்ரோல் விகிதத்தில் அல்லாமல் லாம்டாவில் காட்டும்படி அமைத்தேன். இருக்கும் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்தால் வருவது லாம்டா: 1-க்கு மேல் போனால் பெட்ரோல் குறைவு, கீழே போனால் அதிகம். இப்போது பம்பில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குச் சரியான விகிதம் பழைய 14.7 அன்று, சுமார் 13.5. லாம்டா என்றால் எந்தக் கலப்பானாலும் 1 என்பது 1-தான்.

முதல் நாளே மீட்டர் என்னைக் குழப்பியது. ஐடிலில் 1.15 என்று காட்டியது, அதாவது பெட்ரோல் பற்றாக்குறை. எனக்கு ஹெட் வேலை செய்து கொடுத்த ஆசானிடம் சொன்னேன். "மக்கா, அது காட்டுறத நம்பாத, பிளக்கக் களத்திப் பாரு" என்றார். கழற்றினால் பிளக்கின் முனை அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. பெட்ரோல் குறைந்த எஞ்சினில் பிளக் வெளுக்க வேண்டுமே தவிர, கறுக்கக் கூடாது. மறுநாள் காலை எஞ்சின் சூடேறும் முன்பே ஹெட்டும் பெண்டும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி ஸ்டார்ட் செய்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் நுரை பொங்கியது. கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை. புகைத் துடிப்புகளுக்கு இடையே அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, என் மீட்டரையும் கம்பெனி சென்சாரையும் ஒருசேர ஏமாற்றியிருக்கிறது. அதை நம்பி ஈசியு பெட்ரோலை அள்ளிக் கொட்டியிருக்கிறது. டியூனரை முதலில் வாங்கியிருந்தால் நானும் என் பங்குக்கு இன்னும் கொட்டியிருப்பேன்.

கேஸ்கெட் மாற்றிய பிறகு முறையாக அளந்தேன். வண்டியில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் கிடையாது. எனவே கியரையும் வேகத்தையும் குறித்துக்கொண்டேன். ஆக்சிலேட்டர் பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டிக் கோடு போட்டேன். வண்டியை நிறுத்தி வைத்தே சுமை கொடுத்து அளக்கும் டைனோ வசதி இல்லாத குறையை ஆரல்வாய்மொழிக் கணவாய் தீர்த்தது. ஆடி மாதத்தில் முப்பந்தலிலிருந்து நாகர்கோவிலை நோக்கித் திரும்பினால் எதிர்க்காற்று மார்பில் கைவைத்துத் தள்ளும். முக்கால் ஆக்சிலேட்டர் கொடுத்தும் வேகம் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பதால் மீட்டரை நிதானமாகப் படிக்க முடிகிறது. பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்த மைத்துனன், "அத்தான், பாயிண்ட் ஒம்பது ஏழு" என்று காற்றை மீறிக் கத்தினான். காற்றால் குளிரும் இந்த எஞ்சினுக்கு முழுச் சுமையில் 0.88 அளவில் இருப்பதே பாதுகாப்பு. 0.97-ஐ 0.88-ஆல் வகுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் 10 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. கால் ஆக்சிலேட்டரில் எதுவுமே தேவைப்படவில்லை. அங்கே கம்பெனி சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது தேர்வு சுருங்கியது. அர்டுயினோ மெகாவில் இயங்கும் ஸ்பீடுயினோ போன்ற தனி ஈசியு ஆசை காட்டினாலும், தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் குளிர் ஸ்டார்ட் முதல் அனைத்தையும் நானே எழுத வேண்டும் என்பதால் தவிர்த்தேன். டைனோஜெட்டின் பவர் கமாண்டர், ஆக்சிலேட்டர் நிலை, சுழற்சி என்ற கட்டங்களில் பெட்ரோலைத் தனித்தனியே மாற்றவல்லது. பெட்ரோல் மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன். கீரிப்பாறை நாக்கிங்தான் முடிவை மாற்றியது. இந்த எஞ்சினில் நாக் சென்சார் இல்லாததால் ஈசியு தானாக டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்தள்ளாது. பெட்ரோலோடு இக்னிஷன் டைமிங்கையும் மாற்றவல்ல பெங்களூர்த் தயாரிப்பான பவர்ட்ரானிக்கை வாங்கினேன். பலர் அதில் டைமிங்கை முன்தள்ளவே ஆசைப்படுகிறார்கள். நான் குறைந்த சுழற்சி, முழு ஆக்சிலேட்டர் கட்டங்களில் 2 டிகிரி பின்தள்ளினேன், மற்ற இடங்களில் கைவைக்கவில்லை.

மூன்று ஓட்டங்களில் முக்கால் ஆக்சிலேட்டர் அளவு 0.89-க்கு வந்துவிட்டது. மைத்துனனோடு அதே ஏற்றத்தில் அதே கியரில் ஏறியபோது நாக்கிங் கேட்கவில்லை. மூன்றாம் கியர் திணறல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அது ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறக்கும் கணத்துக்குரிய வேறு சரிக்கட்டல். உப்புக்காற்று கனெக்டர்களைப் பச்சை பூக்க வைத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றிலும் கிரீஸ் தடவிப் பூட்டியிருக்கிறேன். டியூனரின் இரண்டாவது மேப்பில் (மாற்றங்களின் அட்டவணையில்) எல்லாக் கட்டங்களையும் பூஜ்ஜியமாகவே வைத்திருக்கிறேன். சந்தேகம் வரும்போதெல்லாம் அதற்கு மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.