பாஸ்பேட் ஏறினால் இடம் காலி

சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பாஸ்பரிகரணம், அதாவது மூலக்கூறில் பாஸ்பேட் ஏற்றுவது, என்றதும் வகுப்பில் வரும் முதல் பதில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தயாரிப்பு. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் படித்தது, சரிதான். அடுத்த பதில், "புரதத்தை ஆன் பண்றதுங்க சார்." இதோடுதான் வருடா வருடம் எனக்கு மல்லுக்கட்டு. பழ ஈயின் எபிதீலியத்தில் (உறுப்புகளைப் போர்த்தும் செல் அடுக்கில்) பாஸ்பேட் பார்க்கும் பெரிய வேலை, புரதத்தை ஓர் இடத்திலிருந்து கிளப்பிவிடுவது.

இதற்கு ஈயின் சூலகத்தைக் காட்டுவேன். பெண் ஈக்களுக்கு இரண்டு நாள் ஈஸ்ட் குழைத்து வைத்தால் வயிறு உப்பிவிடும். சலைனில் போட்டு, ஒரு ஃபோர்செப்ஸால் உடம்பைப் பிடித்து, இன்னொன்றால் வயிற்று நுனியை மெல்ல இழுத்தால் இரண்டு சூலகங்களும் வெள்ளையாக வெளியே வரும். ஊசியால் கோதிவிட்டால் முட்டை அறைகள் சிறிதும் பெரிதுமாக வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. அந்தச் செல்களுக்கு மேல்பக்கம் என்பது உட்புறம், கருமுட்டையைப் பார்த்த பக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் வரைவார்கள்.

(இங்கே ஈ வளர்ப்பதே ஒரு பாடு. 25 டிகிரி சுகமாக இருக்கும். 30-ஐத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். சேலத்து ஏப்ரலில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். அதனால் கோடைக்கு ஒரு செட் குப்பிகள் ஏற்காட்டில் நண்பர் வீட்டுக்குப் போய்விடும்.)

எங்கள் மைக்ராஸ்கோப்பில் செல் அடுக்குதான் தெரியும், புரதங்கள் தெரியாது. அவற்றைக் கரும்பலகையில் மின்னூட்டம் போட்டு விளக்குகிறேன். எல்ஜிஎல் புரதத்தின் ஒரு பகுதி நேர்மின்னூட்டம் மிகுந்தது. செல் சவ்வின் உட்புறம் எதிர்மின்னூட்டம். அதனால் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பகுதியிலேயே செரின் என்ற அமினோ அமிலம் மூன்று இடங்களில் இருக்கிறது. மேல்பக்கம் இருக்கும் ஏபிகேசி என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அவற்றில் பாஸ்பேட்டை ஏற்றினால் எதிர்மின்னூட்டம் கூடி, பிடி விட்டுப்போகிறது. பக்கவாட்டில் ஏபிகேசி இல்லை, எல்ஜிஎல் அங்கேயே தங்குகிறது. 2003-ல் க்னோப்லிக் என்ற உயிரியலாளரின் குழு ஈயின் நரம்பு முன்னோடிச் செல்களில் இந்த மூன்று செரின்களையும் அலனின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தது. பாஸ்பேட் ஏற வழியில்லாமல் எல்ஜிஎல் சவ்வின் ஓரமெங்கும் ஒட்டிக்கொண்டது.

பசூகா என்ற புரதத்தின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். பக்கவாட்டில் பார்-1 கைனேஸ் பாஸ்பேட் ஏற்றி அதைத் தள்ளுகிறது. மேலே ஏபிகேசி அதன் 980-வது இடத்துச் செரினில் ஏற்றித் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் இடமில்லாமல் நடு எல்லையில் போய் நிற்கிறது. செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இணைப்பு உருவாவதும் அந்த எல்லையில்தான்.

எல்ஜிஎல்லே இல்லாவிட்டால் ஒற்றை அடுக்கு குலைந்து செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். இளம்புழு கூட்டுப்புழுவாக மாறாமல் பெருத்துக்கொண்டே போய்ச் சாகும். ஆய்வாளர் எலிசபெத் கேடெஃப் 1978-லேயே இதைப் புற்றுக்கட்டி என்று எழுதினார்.

இந்த வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "கிளப்பிவிட்டது திரும்பி வரவே வராதுங்களா சார்?" வரும். செல் பிரியும்போது ஆரோரா கைனேஸ்கள் எல்ஜிஎல்லைச் சவ்விலிருந்து மொத்தமாகக் கிளப்பிவிடும். பிறகு பிபி1 என்ற பாஸ்பட்டேஸ் பாஸ்பேட்டைக் கழற்ற, எல்ஜிஎல் மறுபடி பக்கவாட்டில் வந்து ஒட்டும்.