தலையில மட்டும் குட்டாதீங்க ஐயா

போன ஏப்ரலில், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறு வாரம், பர்மாவில் நான் பாடம் எடுக்கும் எங்கள் கோவில் மண்டபத்துத் தமிழ் வகுப்பில் ஒரு குட்டு விழுந்தது. ஒரே ஒரு குட்டுதான், பலமாகக்கூட இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளைகள் வரவில்லை.

குட்டியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். ரங்கூனில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் "நானும் ரெண்டு பாடம் எடுக்கறேனே" என்று வந்தார். நல்ல மனிதர், நல்ல தமிழ். குட்டு வாங்கியவனுக்கு ஒன்பது வயது. 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல' எழுதிவிட்டான், வரிசையைச் சுற்றி வந்த ஐயா போகிற போக்கில் விரல் முட்டியால் உச்சந்தலையில் ஒன்று வைத்தார். பையன் அழவில்லை. ஒரு கையைத் தலைமேல் வைத்தவன் வகுப்பு முடியும்வரை எடுக்கவில்லை, மற்ற கையால் எழுதிக்கொண்டே இருந்தான். மற்ற பிள்ளைகள் ஒருத்தரும் நிமிரவில்லை.

அன்று சாயங்காலமே அவன் அம்மா வந்துவிட்டார். "சயாமா" என்றார், பர்மியத்தில் டீச்சரம்மா. "அடிக்கறதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. கையில அடிங்க, கெண்டைக்கால்ல அடிங்க. தலையிலயா கை வைப்பாங்க?" இத்தனைக்கும் அவர் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு இதே பையனுக்கு மொட்டை போட்டவர், வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசாதவர். தலை விஷயத்தில் மட்டும் முழு பர்மாக்காரி. இங்கே உடம்பில் தலைதான் உயர்ந்தது, கால் தாழ்ந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் தலையில் செல்லமாகக் கை வைக்கக்கூட யோசிப்போம்.

ஐயாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால குட்டுப்படணும்பாங்கம்மா. நான் குட்டினதுல எத்தனை பேரு ஆபீசரா இருக்கான் தெரியுமா?" அவர் கையைப் பார்த்தேன். மோதிரம் போட்டுத்தான் இருந்தார்.

எனக்கு ஐயாமேல் கோபம் வரவில்லை. நமக்குக் குட்டு என்பது பிள்ளையார் முன்னால் நாமே போட்டுக்கொள்கிற சமாச்சாரம், அதில் அவமானம் எங்கே இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த இருபத்தைந்து பிள்ளைகளும் ஜூன் முதல் பிப்ரவரி வரை பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து என்று பர்மியப் பள்ளிக்கூடத்தில் வளர்கிறவர்கள். கோடை விடுமுறைக்கு மட்டும்தான் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்கு வகுப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை நாங்கள் சொல்லித் தரவில்லை, அந்தப் பள்ளிக்கூடம் சொல்லித் தந்துவிட்டது. என்னைக்கூட டீச்சர் என்று கூப்பிட மாட்டார்கள், சயாமாதான்.

இன்னொரு தகராறு இதைவிடப் பெரியது, சத்தமில்லாதது. ஐயா ஒவ்வொரு பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பார். எல்லாரும் கைகட்டிக்கொண்டு ஒரே குரலில் "புரிஞ்சுது சயா" என்பார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒரு வரி வராது. "இதுங்க மந்தம்மா, சொன்னது ஏறவே மாட்டேங்குது" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். மந்தம் எல்லாம் இல்லை. புரியவில்லை என்று சொன்னால் சொல்லித் தந்தவருக்குக் குறை, அவரை இன்னொரு தடவை சிரமப்படுத்த வேண்டும், அதற்குப் பிள்ளைகளுக்கு மனசு வராது. இதற்குப் பர்மிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, ஆனாதே. ஆ என்றால் பலம், நா என்றால் வலி. தாட்சண்யம், சங்கடம், கூச்சம் மூன்றையும் சேர்த்துப் பிசைந்தால் கிட்டத்தட்ட அது வரும். இந்த ஊரில் புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் ஐவரையும் ஒரே தட்டில் வைத்துக் கும்பிடச் சொல்லித் தருகிறார்கள். நம் மாதா பிதா குரு தெய்வம் மாதிரிதானே என்று ஐயா கேட்டார். மாதிரிதான், ஆனால் நாம் குருவைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பட்டப்பெயர் வைக்கிறோமே!

நானே மோல்மேன் நகரத்தில் பத்தாவது முடித்தவள். இருபது வருஷம் கழித்துப் பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து ஆசிரியர்களுக்குச் சயா கடோ நடத்தினோம். நரைக்கத் தொடங்கிய தலைகளோடு தரையில் மண்டியிட்டுக் கணக்கு வாத்தியாருக்கு மூன்று முறை வணங்கினோம். அவர் பாடத்தில் நான் கேட்ட சந்தேகம் எத்தனை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் எழுதிப்போட்ட தேற்றங்கள் இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் வரும். ஆகவே மனப்பாடம் என்றாலே மோசம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. 2016க்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் புதிய பாடத்திட்டம் வந்தது, புத்தகத்தில் குழுவாகப் பேசுங்கள் என்றெல்லாம் போட்டிருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் பிள்ளைகள் சத்தம் போட்டு உருப்போடுகிற ஓசைதான் கேட்கிறது. பள்ளியிறுதித் தேர்வில் எத்தனை பாடத்தில் சிறப்புத் தேர்ச்சி என்பதில்தான் வீட்டு மானமே இருக்கிறது, வேறு எப்படி இருக்கும்?

ஐயாவுக்குத் தெரியாத இன்னொன்று, இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாமல் போன கதை. 1962இல் ராணுவ ஆட்சி, 1964இல் கப்பல் கப்பலாக நம் ஆட்கள் ஊர் திரும்பியது, 1965இல் தொடங்கித் தனியார் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்துக்குப் போனது. அதோடு தமிழ் கோவிலுக்குள் ஒதுங்கியது. என் அப்பா தமிழில் கடிதம் எழுதுவார். நான் முப்பது வயதுக்கு மேல்தான் ஒழுங்காக எழுதப் பழகினேன். 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு எந்த வகைக் குடியுரிமை என்று காட்டுகிற அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் சில வீடுகளில் பிள்ளையின் படிப்பையே யோசித்தார்கள். "படிச்சு என்னத்த ஆகப் போறான், கடையில நிக்கட்டும்" என்று அப்பா சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, எழுத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் அதுதான். பர்மிய மெய்யெழுத்து முப்பத்துமூன்று, நமக்குப் பதினெட்டு. கவர்க்கத்தில், அதாவது க-வும் அதன் இன எழுத்துகளும் சேர்ந்த வரிசையில், அவர்களுக்கு ஐந்து, நமக்கு க, ங இரண்டே. பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் பென்சிலால் பர்மிய எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்வார்கள். ஒரு பெண்ணின் நோட்டில் 'கண்'ணுக்கு ஒரு எழுத்து, 'பகல்' நடுவில் வேறு எழுத்து, 'தங்கம்' வந்ததும் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. ஒரே க எப்படி மூன்று விதமாக ஒலிக்கும் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. கிழிந்த தாளைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. அவளிடம் பர்மிய மொழியில் 'மேசை' என்று எழுதச் சொன்னேன். எழுதும்போது ச, ப. வாயில் வரும்போது இரண்டும் கனத்து ஜபுவே. "நீயும் எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணுதானே?" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாக்கியத்தில் இன்னும் சுலபம். நாம் "சாப்பிட்டாச்சா?" என்போம், அவர்கள் "தமின் ஸா பீபீலா?" என்பார்கள். சோறு முன்னால், வினை பின்னால், கேள்வி கடைசி எழுத்தில். நலம் விசாரிப்பதும் சோற்றை வைத்துத்தான். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் பர்மியத்திலிருந்து தமிழுக்கு வரும்போது சொல்லுக்குச் சொல் மாற்றி அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு மொழி குழப்பும் என்று சொல்கிற பெற்றோரை நான் இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே மடக்குவேன்.

"புரிஞ்சுதா?" என்பதை வகுப்பில் நிறுத்திவிட்டேன். பதிலாக ஒரு பிஸ்கட் டப்பா. புரியாததை எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். முதல் வாரம் மூன்று சீட்டு, நான்காவது வாரம் டப்பா மூடவில்லை. முக்கால்வாசி பர்மியத்தில். "ழ எதற்கு, ல, ள போதாதா?" "அவ்வையாருக்குக் கல்யாணம் ஆகவில்லையா?" "எங்கள் பாட்டி பேசுவது தமிழ் இல்லையா, ஏன் புத்தகத்தில் அது இல்லை?" கடைசிக் கேள்விக்கு இரண்டு வகுப்பு ஆனது.

வராத ஏழு பேரில் ஐந்து பேர் மே மாதத்தில் திரும்பினார்கள், அந்தப் பையனும் வந்தான். ஐயா அதற்குள் குட்டுவதை விட்டுவிட்டார், கை பழக்கத்தில் மேலே போகும், பாதியில் நின்று தன் தலையையே தடவிக்கொள்ளும். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அவரே டப்பாவைத் திறந்து சீட்டுகளை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு சீட்டை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். தமிழில், ள எல்லாம் சரியாகப் போட்டு எழுதியிருந்தது: "தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்கு இவர் மேல் பயம் இல்லையா?"

ஐயாவிடம் காட்டவில்லை. எனக்கு ஆனாதே.