7.65 எஃப்.என். 1922: பழைய ராணுவ பிஸ்டலை வாங்கி, சரிபார்த்து, சுட்ட குறிப்புகள்

ராணுவத்தில் ஓடிய பழைய பிஸ்டல்தான் வேண்டும் என்றால் இந்தியாவில் தேர்வு மிகவும் குறுகியது. 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட போர் (bore, குழல் அளவு); பிரௌனிங் ஹை-பவர் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் நமக்குக் கிடையாது. மிஞ்சுவது 7.65 மி.மீ., அதாவது .32 ஆட்டோ. எஃப்.என். 1922, சி.இசட். 27, வால்டர் பிபி மூன்றும் இந்த அளவில் வந்தவை. மூன்றும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரப்பில் இருந்தவை. 1980களில் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனதால் இங்கே இருப்பது கைமாறிக் கைமாறி வருகிற சரக்குதான். விலையும் லட்சக் கணக்கில். இந்தக் குறிப்பு, பெல்ஜியத்து எஃப்.என். தொழிற்சாலை செய்த 1922 மாடலுக்கு, நாங்கள் வாங்கிய ஒன்றை வைத்து.

முதலில் காகிதம். வாங்குபவரின் லைசென்ஸில் தடைசெய்யப்படாத போர் பிஸ்டல் அல்லது ரிவால்வர் என்று பதிவாகி, வாங்குவதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி தனிநபர் ஒருவர் தன் ஆயுதத்தை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்கலாம். ஆனால் வாங்குபவர் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். முன்பணம் கொடுக்கிறவர்கள் இந்த 45 நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது; லைசென்ஸ் காலம் ஐந்து ஆண்டு.

நம் வேலூர்ப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் வட ஆற்காடு கலெக்டர் முத்திரை இருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூர்க்காரரின் பிஸ்டலைக் காட்பாடியில் இருப்பவர் வாங்கினால் இப்போது அது இரண்டு மாவட்ட விவகாரம். விற்பவரின் கோப்பு வேலூர் கலெக்டர் ஆபீஸ் உள்ள சத்துவாச்சாரியிலேயே இருக்கிறதா, திருப்பத்தூருக்குப் போய்விட்டதா என்று முதலில் அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். பிஸ்டலில் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. 1922இல் பிரேம் (கைப்பிடியோடு கூடிய அடிச்சட்டம்), ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி), பேரல் மூன்றிலும் எண் இருக்கும். பேரலில் உள்ளதை ஸ்லைடின் கேஸ் வெளியேறும் வாய் வழியாகப் படிக்கலாம். மூன்றும் தமக்குள் ஒத்துப்போகாவிட்டால் சுடுவதற்குத் தடையில்லை. விலையை மட்டும் குறைத்துப் பேசுங்கள்.

யூகோஸ்லாவிய ஆர்டருக்காக 1910 மாடலின் பேரலை நீட்டிச் செய்ததுதான் 1922. பேரல் சுமார் 114 மி.மீ., எடை சுமார் 700 கிராம், மேகசினில் 9 தோட்டா. ஸ்லைடைப் புதிதாக வடிவமைக்காமல் முன்னால் ஒரு மூக்குத் துண்டை முறுக்கிப் பூட்டிவிட்டார்கள். பெல்ஜியம் ஜெர்மனி பிடியில் இருந்த 1940–44 காலத்துச் சரக்கில் கழுகு முத்திரையும், அதன் கீழ் 613, 103, 140 என்ற எண்களில் ஒன்றும் இருக்கும். 140 முத்திரை வந்த காலத்தில் பாலிஷ் போய், அரத்தின் கோடு வெளியே தெரியும். அது அழகுக் குறைதான். நீலப் பூச்சு கலையாத பிஸ்டலைப் பார்த்து மயங்குவதைவிட, கோடு விழுந்த ஸ்லைடும் நல்ல மேகசினும் கிடைத்தால் அதையே எடுங்கள். எண்பது வயசுப் பிஸ்டலை ஓட வைப்பது ஸ்பிரிங்கும் மேகசினும்தான்.

கடையில் சோதிக்கும் வரிசை இது. மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, அறை காலி என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் உறுதி செய்யுங்கள். 1922இல் மேகசின் வெளியே இருந்தால் ட்ரிகர் வேலை செய்யக்கூடாது. வேலை செய்தால் யாரோ அந்தச் சேஃப்டியைக் கழற்றியிருக்கிறார்கள்; வேறு எதில் கை வைத்தார்கள் என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிட வேண்டும். காலி மேகசினைப் போட்டு, கைப்பிடிச் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிகரை இழுங்கள், ஸ்டிரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) விழக்கூடாது. கட்டைவிரல் சேஃப்டியையும் அப்படியே பாருங்கள். பிறகு சேஃப்டியை விடுவித்து, ட்ரிகரை இழுத்தபடியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். ட்ரிகரை விட்டு மறுபடி இழுத்தால்தான் ஸ்டிரைக்கர் விழ வேண்டும். ஸ்லைடு மூடும்போதே விழுந்தால் ஸ்டிரைக்கரைப் பிடித்து நிறுத்தும் சியர் தேய்ந்திருக்கிறது. ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா போகும். அந்தப் பிஸ்டலைத் தொடாதீர்கள்.

பேரலுக்குள் டார்ச் அடிக்கும்போது முழுக்க ஒரே ஒளியாகத் தெரிய வேண்டும். நடுவில் மோதிரம் மாதிரி ஒரு கறுப்பு வளையம் இருந்தால் முன்பு எப்போதோ ஒரு குண்டு உள்ளே சிக்கி, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது. ரைஃப்ளிங்கில், அதாவது பேரலின் உட்புறத் திருகு வரிகளில், பரவலான சிறு குழி மன்னிக்கலாம். வளையத்தை மன்னிக்க முடியாது.

இந்தப் பிஸ்டலில் வெளிப்புறம் வலப்பக்கம் மட்டும் சொரசொரவென்று குழி விழுந்திருந்தது. காரணம் தோல் உறை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்றி இருப்பவர்களுக்கு நல்ல தோல் உறை தைத்துக்கொள்வது சுலபம், அதிலேயே வருஷக்கணக்கில் வைத்துவிடுவார்கள். குரோம் தோலில் எஞ்சும் உப்பும் அமிலமும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் ஈரத்தை இழுக்கும். உறை எடுத்துச் செல்ல மட்டும்.

பிரிப்பது எளிது. மூக்குத் துண்டின் தாழ்ப்பாளை அழுத்தி, துண்டைத் திருப்பி, உள்ளங்கையால் அணைத்துக்கொண்டே கழற்ற வேண்டும். பேரலைச் சுற்றியிருக்கும் ரீகாயில் ஸ்பிரிங் முழு விசையோடு உட்கார்ந்திருக்கிறது, விட்டால் எதிர்ச் சுவர் வரை போகும். அடுத்து ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, சேஃப்டி கொக்கியால் நிறுத்தி, பேரலைத் திருப்பினால் பிரேமிலிருந்து விடுபடும். இதில் ஸ்டிரைக்கர் குழாய்க்குள் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அது உறைந்தால் ஸ்டிரைக்கர் மெதுவாகத்தான் போகும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, அந்தக் குழாயைக் காய்ந்த நிலையிலேயே விட்டோம். மற்ற இடங்களில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். தையல் மெஷின் எண்ணெய் குறையில்லை. சுத்தம் செய்வது நாமே. ஸ்பிரிங் மாற்றுவது, சியரைத் தொடுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் வேலை.

தோட்டா வாங்கும்போது .32 என்று மட்டும் சொன்னால் ரிவால்வர் தோட்டாவை எடுத்து வைப்பார்கள். ரிவால்வருக்குரியது 7.65 × 23, விளிம்பு அகலம். நமக்கு வேண்டியது 7.65 × 17. 71 கிரெயின், அதாவது 4.6 கிராம் குண்டு. லைசென்ஸில் எழுதிய ஒரே நேர அளவையும் ஆண்டு அளவையும் பார்த்து வாங்குங்கள். இந்தச் சின்னத் தோட்டாவுக்கும் அரை விளிம்பு உண்டு. மேகசினில் நிரப்பும்போது மேலே வரும் தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் இரண்டும் பின்னிக்கொண்டு நகராது. எவ்வளவு ஸ்லைடை அடித்தாலும் பயனில்லை, மேகசினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

சுட்டது ரைபிள் கிளப் ரேஞ்சில். மாந்தோப்பில் சுட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலட்சியமாகச் சுட்டாலே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு கட்டாயம். முதலில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. இரண்டு போட்டுச் சுடுவது, ஒரே இழுப்பில் இரண்டும் போகிறதா என்று பார்க்க.

ஒற்றைத் தோட்டாக்கள் சுத்தமாகப் போயின. ஐந்து போட்டதும் தகராறு தொடங்கியது. ஸ்லைடு தோட்டாவின் தலைக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு காலி அறையில் மூடியது. ஸ்பிரிங் பலவீனம் என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். பூட்டிய மேகசினைக் கீழிருந்து விரலால் தள்ளிப் பார்த்தால் இரண்டு மி.மீ. ஏறி இறங்கியது. கைப்பிடியின் அடியில் இருக்கும் கொக்கியின் முனை உருண்டு தேய்ந்திருந்தது. மேகசின் அந்த அளவு கீழே தொங்க, ஸ்லைடுக்குத் தோட்டாவின் அடி எட்டவில்லை. கன்ஸ்மித் கொக்கி முனையில் வெல்டு வைத்து அரத்தால் உருவம் கொடுத்த பிறகு அந்தக் கோளாறு போயிற்று.

அடுத்தது தோட்டாவின் அடியிலுள்ள கேப்பில் லேசான அடி, தோட்டா வெடிக்காமல் நின்றது. இப்படி ஆனால் பேரலின் வாயை இலக்கை நோக்கியே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. குழாய் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால் குற்றம் ஸ்டிரைக்கர் ஸ்பிரிங் மேல். புதிது போட்டதும் கேப்பில் குழி ஆழமாக விழுந்தது. சத்தம் வழக்கத்தைவிடப் புஸ்ஸென்று கேட்டால் அடுத்த தோட்டா சுடவே கூடாது. பேரலைத் திறந்து குண்டு வெளியே போயிற்றா என்று பார்த்த பிறகே மற்றது. மேலே சொன்ன வளையம் அப்படித்தான் வருகிறது.

காலி கேஸ் ஓரிரு மீட்டர் தூரத்தில் விழுந்தால் ரீகாயில் ஸ்பிரிங் சரி. நாலைந்து மீட்டர் பறந்தால் ஸ்பிரிங் தளர்ந்து ஸ்லைடு பிரேமை மோதுகிறது. காலடியிலேயே விழுந்தாலோ கேஸ் வெளியேறும் வாயில் செங்குத்தாக மாட்டினாலோ தோட்டாவில் விசை குறைவு அல்லது மணிக்கட்டு தளர்வு.

பத்து மீட்டரில், இரு கையால் நின்று சுட்டு, ஐந்து தோட்டாவும் ஒன்பது செ.மீ. வட்டத்துக்குள் விழுகின்றன, வட்டமே இலக்குக்கு நாலு விரல் கீழே. குறி பார்க்கும் சைட் அத்தனை சின்னது, பித்தளை நிறம் தீட்டினால்தான் சாயங்கால வெளிச்சத்தில் தெரிகிறது. முன் சைட்டை அரம் போட்டுக் குறைத்தால் குறி மேலே ஏறும். ஆனால் போர்க்கால முத்திரை உள்ள ஸ்லைடில் அரம் வைக்க மனசு வராது, குறியைத்தான் தூக்கிப் பிடிக்கிறோம்.

பழைய சரக்குத் தோட்டா சுட்டிருந்தால் அன்றைக்கே பேரலில் கொதிநீர் ஊற்றுங்கள். கேப்பின் உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. பிறகு துடைத்து, உலர்த்தி, எண்ணெய். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் உறை இல்லாமல், கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, எண் எழுதிய ரசீது வாங்குங்கள். மேகசினையும் ரசீதில் குறிக்கச் சொல்லுங்கள். தொலைந்தால் 1922க்கு இன்னொன்று தேடி அலைவது, பிஸ்டல் தேடுவதைவிடக் கஷ்டம்.