ஒட்டிய வானம்: ஒரு சூரியோதய பனோரமாவின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

நண்பர் ஒருவர் மலை உச்சியில் நின்று எடுத்த சூரியோதயப் படங்களை அனுப்பியிருக்கிறார். அவற்றை ஒட்டி ஒரே அகலப் படமாக, பனோரமாவாக, ஆக்க வேண்டும். எல்லாம் செங்குத்து ஃபிரேம்கள், ரா ஃபைல்கள், அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே வைத்த கோப்புகள். அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்கு ஓவர்லாப், அதாவது இரண்டிலும் ஒரே காட்சி வரும் பகுதி, இருக்கிறது. எக்ஸ்போஷரையும் (பதிவாகும் வெளிச்சத்தின் அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) கேமராவின் பொறுப்பில் விட்டிருக்கிறார். சூரியன் பக்கம் கேமரா வெளிச்சத்தை அடக்கியிருக்கிறது, எதிர்ப்பக்கம் போகப்போக ஏற்றியிருக்கிறது. அப்படியே ஒட்டிப் பார்த்தால் வானம் பட்டை பட்டையாக நிற்கிறது.

ஆனாலும் விட மனமில்லை. சூரியனுக்கு நேர் எதிரே பூமியின் நிழல் கிட்டத்தட்ட அடிவானத்துக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை இன்னும் மிச்சமிருக்கிறது. இந்தப் பக்கம் செம்பொன், அந்தப் பக்கம் ரோஜா நிறம். இந்த வித்தியாசம் வானத்துக்கே சொந்தம், அதில் கை வைக்கக் கூடாது. கேமராவும் லென்ஸும் சேர்த்த வித்தியாசத்தை மட்டும்தான் நீக்க வேண்டும்.

பிப்ரவரி 5

முதலில் ஒயிட் பேலன்ஸ். ரா ஃபைலில் அது வெறும் எண்தான். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே எண், 5500 கெல்வின், கொடுத்துவிட்டேன். ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேலையே படத்தில் மிகுந்திருக்கும் நிறத்தைக் குறைப்பது. சூரியோதயத்தில் நமக்கு வேண்டியதே அந்த மிகுதிதான்.

அப்புறம் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்’. ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் கணக்கிட்டு, நாம் முன்னிறுத்தும் ஃபிரேமின் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவருகிறது. பெரிய பட்டைகள் மறைந்தன. மெல்லிய அலைகள் மட்டும் நிற்கின்றன.

பிப்ரவரி 7

முழுப் படத்தையும் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை நகர்த்துவதால் பயனில்லை. விடை ஓவர்லாப்பில் இருக்கிறது. ஒரே பாறை, ஒரே மேகத்துண்டு இரண்டு ஃபிரேமில் இருக்கும்போது, இரண்டிலும் அதே புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைப் பார்க்க வேண்டும்.

மூன்றும் ஒரே விகிதத்தில் விலகினால் எக்ஸ்போஷர் பிரச்சினை. சிவப்பும் நீலமும் வெவ்வேறு விகிதத்தில் விலகினால் நிறம். புள்ளி ஃபிரேமின் ஓரத்தை நெருங்க நெருங்க விலகல் கூடினால் விக்னெட்டிங், அதாவது லென்ஸ் ஓரங்களை இருட்டாக்குவது. வெளிச்சமான இடம் பொருந்தி, இருட்டான இடம் மட்டும் ஒன்றில் வெளுத்திருந்தால், லென்ஸுக்குள் சிதறிய ஒளி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் எக்ஸ்போஷர் ஸ்லைடரிலேயே தீர்க்கப் பார்ப்பதால்தான் பலர் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள்.

பிப்ரவரி 8

அலைகளுக்குப் பெரும்பாலும் விக்னெட்டிங்தான் காரணம். ஒரு ஃபிரேமின் இருண்ட ஓரம் அடுத்ததன் இருண்ட ஓரத்தோடு சேர்வதால், வானம் மடிப்பு விழுந்த திரைச்சீலை மாதிரி ஆகிவிடுகிறது. லென்ஸின் குறைகளைத் திருத்தும் அளவுகள் கொண்ட லென்ஸ் புரொஃபைல் இருந்தால் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடலாம். இந்தப் பழைய லென்ஸுக்குக் கிடைக்கவில்லை. அதனால் பனோரமா ஒட்டும் மென்பொருளான ஹகின்.

அதில் போட்டோமெட்ரிக் ஆப்டிமைசேஷன் என்று ஒன்று உண்டு. ஓவர்லாப் புள்ளிகளை ஒப்பிட்டு ஒவ்வொரு ஃபிரேமின் எக்ஸ்போஷர், சிவப்பு, நீலப் பெருக்கங்களையும், மையத்திலிருந்து தூரம் கூடக் கூட ஒளி எப்படிக் குறைகிறது என்பதையும் சேர்த்தே கணிக்கிறது. மற்றவற்றை ஒப்பிடுவதற்கான ஆங்கராக, சூரியன் இல்லாத ஒரு நடு ஃபிரேமை வைத்தேன். ஒரு எச்சரிக்கை: புரொஃபைலையும் போட்டு இதையும் செய்தால் திருத்தம் இரட்டிப்பாகி ஓரங்கள் பளிச்சென்று எழும்பிவிடும்.

பிப்ரவரி 10

பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. சூரிய வட்டத்தின் அகலமே அரை டிகிரிதான். நண்பர் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்திலேயே விளிம்பு தலைகாட்டிவிட்டது. ஒரு பாறை முதல் ஃபிரேமில் சாம்பல் நிறம், அடுத்ததில் அதன் மேல் வெயில். எந்தக் கணக்கும் இதைப் பொருத்தாது. எந்த ஃபிரேமின் பாறை வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். வெயில் விழுந்ததை வைத்துக்கொண்டு, மற்றதை மாஸ்க் போட்டு (அந்தப் பகுதியை மட்டும் குறித்து மறைத்து) விலக்கினேன்.

பிப்ரவரி 11

முழு நாளும் சூரியன் இருக்கும் ஃபிரேமோடு போனது. சிதறிய ஒளி படத்தின் மேல் ஒரு வெண்திரையாகக் கூடி நிற்கிறது. கூடியதை எடுக்கக் கழிக்க வேண்டும். எக்ஸ்போஷர் திருத்தமோ பெருக்கல். பெருக்கினால் வானம் பொருந்தும், மலையடிவாரம் வெளுத்தே இருக்கும். அந்த ஃபிரேமில் மட்டும், சூரியனைச் சுற்றி மங்கலான விளிம்புள்ள மாஸ்க் போட்டு, பக்கத்து ஃபிரேமின் நிழல் அளவு வரும்வரை பிளாக்ஸை (மிக இருண்ட பகுதிகளுக்கான ஸ்லைடர்) இறக்கினேன். மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸும் கொஞ்சம் உதவியது. கூடுதலாகப் போனால் செம்பொன் அழுக்குப் பழுப்பாகிவிடுகிறது.

பிப்ரவரி 13

இறுதி ஒட்டு. ஹகினோடு வரும் என்பிளெண்ட் என்ற இணைப்பு நிரல், பர்ட், அடெல்சன் இருவரும் 1983-இல் வெளியிட்ட முறையில் இணைக்கிறது: நுண்ணிய விவரங்களைக் குறுகிய அகலத்திலும், பரந்த நிற மாற்றங்களை விரிந்த அகலத்திலும் கலக்கும். இணைப்புக் கோடு தெரியாது. ஆனால் அடிப்படை வித்தியாசம் மிச்சமிருந்தால் அதை வானம் முழுக்கப் பரப்பித்தான் விடும். மேலே சொன்ன வேலைகள் முன்பே முடிந்திருக்க வேண்டியது அதனால்தான்.

16 பிட் டிஃப் ஃபைலாகவே வைத்திருக்கிறேன். 8 பிட்டில் வானத்தை இழுத்தால் நிறம் படிக்கட்டாக உடையும்.

பிப்ரவரி 14

நண்பருக்கு அனுப்பிவிட்டேன், அடுத்த முறைக்கான குறிப்போடு: எல்லாம் மேனுவல், லென்ஸ் திறப்பு எஃப் 8, ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள், வேகமாகத் திருப்புங்கள். போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்) வேண்டவே வேண்டாம். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளி வானம் மிக அதிகமாக போலரைஸ் ஆகியிருக்கும். அங்கே விழும் கருநீலப் பட்டையை மேலே சொன்ன எந்த வழியும் எடுக்காது.

எக்ஸ்போஷரை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று கேட்டார். சூரியனை ஒட்டிய வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு வைத்து, எல்லா ஃபிரேமையும் அதிலேயே எடுங்கள் என்றேன். எதிர்ப்பக்கம் இருட்டாக வரும். ரா ஃபைலில் அதை ஏற்றலாம். வெளுத்துப்போனதை மீட்க வழியில்லை.